வீட்டு அலாரம் சென்சார்களைத் தனிக் கருவி இல்லாமல் சோதிப்பது எப்படி?

புதிதாக அலாரம் மாட்டிய வீடுகளில் சோதனை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். சென்சாருக்கு முன்னால் கையை ஆட்டுவார்கள், சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், "வேலை செய்யுது" என்று திருப்தியாகப் போய்விடுவார்கள். அந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சென்சார் எதையோ உணர்ந்திருக்கிறது. உணர்ந்த செய்தி பேனலுக்கு, அதாவது எல்லாச் சென்சார்களின் தகவலும் வந்து சேரும் மையப் பெட்டிக்கு, போய்ச் சேர்ந்ததா, பேனல் அதைச் சரியான அறையின் பெயரில் பதிந்ததா, சைரன் கத்துமா, வெளியூரில் இருக்கும்போது உங்கள் போனுக்குத் தகவல் வருமா, இதெல்லாம் அந்த விளக்குக்குத் தெரியாது.

அதனால் சென்சாரைப் பார்த்துச் சோதிக்காதீர்கள், பேனலைப் பார்த்துச் சோதியுங்கள். கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

வேண்டிய பொருள்கள் வீட்டிலேயே கிடைக்கும். போன், பென்சில், கிழித்து ஒட்டும் டேப், பழைய ஸ்பீக்கரிலிருந்தோ கைப்பை மூடியிலிருந்தோ எடுத்த சின்னக் காந்தம், ஈரத்துணி, ஒரு நோட்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பேனல் பக்கத்தில் நின்று என்ன தெரிகிறது என்று உரக்கச் சொல்ல ஒரு ஆள். தனியாகவும் செய்யலாம்தான், ஆனால் அறைக்கும் பேனலுக்கும் நடந்தே கால் வலிக்கும்.

தொடங்கும் முன்

உங்கள் அலாரம் கண்காணிப்பு மையத்தோடு இணைந்திருந்தால் முதல் வேலை அவர்களுக்குப் போன் செய்வது. "இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை சோதனை செய்கிறேன்" என்று சொன்னால் அந்த நேரத்துக்கு உங்கள் கணக்கைச் சோதனை நிலையில் வைப்பார்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால் நடுவில் போலீஸோ தீயணைப்பு வண்டியோ வாசலில் வந்து நிற்கக்கூடும். அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பேனலின் கையேட்டில் "நடைச் சோதனை" அல்லது "வாக் டெஸ்ட்" என்ற பகுதியைத் தேடுங்கள். அதைப் போட்டால் சைரன் கத்தாது. ஒவ்வொரு சென்சார் உணரும்போதும் பேனல் மெதுவாக ஒரு 'பீப்' கொடுத்து, எந்தச் சென்சார் என்று திரையில் காட்டும். இந்த வசதி இல்லையென்றால் கதவு திறந்தால் மணி அடிக்கும் 'சைம்' வசதியைப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையென்றால் அலாரத்தை அணைத்து வைத்துவிட்டு, ஆப்பில் ஒவ்வொரு சென்சாரும் 'திறந்திருக்கிறது', 'மூடியிருக்கிறது' என்று மாறுவதைப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: புகை, வாயு, அவசரப் பொத்தான் ஆகியவை அலாரம் அணைந்திருந்தாலும் 24 மணி நேரமும் விழித்திருப்பவை. அவற்றைத் தொட்டால் சைரன் கத்தும்.

அப்புறம் நோட்டில் வீட்டின் வரைபடத்தைக் கோணல்மாணலாகவாவது போடுங்கள். எந்த இடத்தில் எந்தச் சென்சார், பேனலில் அதற்கு என்ன எண், என்ன பெயர் என்று எழுதுங்கள். பல வீடுகளில் முதல் கோளாறு இந்த இடத்திலேயே பிடிபடும். சமையலறை ஜன்னல் என்று பேனல் சொல்வது உண்மையில் மாடிப்படி ஜன்னலாக இருக்கும். பொருத்திய ஆள் அவசரத்தில் பெயர்களை மாற்றிப் போட்டிருப்பார். நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது எந்தப் பக்கம் போகக் கூடாது என்று தெரிய வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே பெயரை உடனே திருத்துங்கள்.

கதவு, ஜன்னல் சென்சார்கள்

எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை இவைதான், சோதிக்க எளிதானவையும் இவைதான். இரண்டு துண்டுகள் இருக்கும்: சட்டத்தில் சென்சார், கதவில் காந்தம். சென்சாருக்குள் இருப்பது பெரும்பாலும் ரீட் சுவிட்ச். அதாவது மூடிய கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். 1936-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்ட்டர் எல்வுட் உருவாக்கிய அமைப்பு இது, இன்றும் பெரிதாக மாறவில்லை. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும், காந்தம் விலகினால் பிரிந்துவிடும். பேனலுக்குத் தெரிவது அந்தப் பிரிவு மட்டுமே.

கதவைத் திறந்து மூடி, பேனலில் நிலை மாறுகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. அதோடு நிறுத்த வேண்டாம். கதவை முழுசாக மூடிவிட்டு, மிக மெதுவாக, விரல் விரலாகத் திறங்கள். கூட இருப்பவர் "திறந்தது" என்று சொன்ன நொடியில் நிறுத்தி, கதவு நிற்கும் இடத்தைத் தரையில் பென்சிலால் குறியுங்கள். இடைவெளி எவ்வளவு? காந்தம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகியதுமே சென்சார் உணர்ந்துவிட வேண்டும். மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும். என் அளவுகோல் எளிமையானது: கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தொட முடிகிற அளவுக்குக் கதவு திறந்தும் பேனல் சும்மா இருந்தால், அந்தச் சென்சார் தவறான இடத்தில் இருக்கிறது. கீலுக்குப் பக்கத்தில் பொருத்தினால் இப்படித்தான் ஆகும். கதவின் கைப்பிடிப் பக்கம் நிறைய நகரும்போது கீல் பக்கம் கொஞ்சமே நகர்கிறது. சென்சாரைக் கைப்பிடி இருக்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்த சோதனை இதற்கு நேர் எதிர். கதவைப் பூட்டிவிட்டு, காற்று தள்ளுவதுபோல் வெளியிலிருந்து தள்ளியும் இழுத்தும் ஆட்டுங்கள். பூட்டிய கதவை ஆட்டும்போதே பேனல் 'திறந்தது, மூடியது' என்று துள்ளினால், பலத்த காற்றடிக்கும் இரவில் வீண் அலாரம் நிச்சயம். காந்தம் ஏற்கனவே எல்லையில் நிற்கிறது என்று பொருள். கதவு தொங்கிப்போயிருக்கலாம், டேப் நழுவியிருக்கலாம். பல சென்சார்களின் பக்கவாட்டில் சின்னக் கோடோ அம்புக்குறியோ இருக்கும். காந்தம் அந்தக் கோட்டுக்கு நேராக வர வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரும்புக் கதவுக்கும் இரும்பு நிலைக்கும் தனிக் கவனம் வேண்டும். காந்தத்தின் பலத்தில் ஒரு பகுதியை இரும்பே இழுத்துக்கொள்ளும், மரக்கதவில் நன்றாக வேலை செய்த அதே ஜோடி இங்கே தடுமாறும். காந்தத்துக்கு அடியில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் துண்டை வைத்து உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பேனல் எதற்குமே அசையவில்லையென்றால் கோளாறு காந்தத்திலா, சென்சாரிலா? கையில் இருக்கும் சின்னக் காந்தத்தை வெளியே எடுங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, காந்தத்தைச் சென்சாரின் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். பேனல் 'மூடியது' என்று மாறினால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, கதவில் ஒட்டிய காந்தத்தின் இடமோ பலமோதான் பிரச்சினை. காந்தம் உள்ளே இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தால், போனில் திசைகாட்டி ஆப்பைத் திறந்து அதன் அருகில் நகர்த்துங்கள். முள் சட்டென்று திரும்பும்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு, ஆபத்தானது அதுதான். கதவு அகலத் திறந்திருக்கிறது, பேனலோ 'மூடியிருக்கிறது' என்கிறது. உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். விரலால் ஒரு தட்டு தட்டினால் விடுபடவும் செய்யும். விடுபட்டதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை ஒட்டிய சுவிட்ச் மறுபடியும் ஒட்டும். அதை மாற்றத்தான் வேண்டும்.

மோஷன் சென்சார்

சென்சார்களிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அறை மூலையில் மாட்டியிருக்கும் இந்தப் பெட்டிதான். 'பிஐஆர்' என்று சொல்லும் இந்த வகை எதையும் வெளியே அனுப்புவதில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுவும் அசைவைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. மனித உடலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிர் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அதிகமாக இருக்கும், சென்சார் அந்தப் பகுதியைத்தான் கவனிக்கிறது. முன்னால் இருக்கும் பால்வெள்ளைப் பிளாஸ்டிக்கில் உள்பக்கமாக மெல்லிய வளையங்கள் இருக்கும். 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்காக பிரெனெல் உருவாக்கிய வில்லையின் வழியில் வந்தவை அவை. அறையை அவை விசிறிபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வெப்பமான உடல் கடக்கும்போது உண்டாகும் மாற்றம்தான் "ஆள் வந்திருக்கிறார்" என்ற செய்தி.

சோதனைக்குத் தேவையானது எல்லாம் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. குறுக்கே நடப்பவர் பட்டைகளை வேகமாகக் கடக்கிறார், உடனே பிடிபடுவார். சென்சாரை நோக்கி நேராக நடப்பவர் ஒரே பட்டைக்குள்ளேயே வெகுதூரம் வந்துவிடலாம். ஆகவே குறுக்கே நடந்து மட்டும் பார்த்தால் தேர்வில் எளிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதியதுபோல்தான்.

முதலில் அறையை விட்டு எல்லோரும் வெளியேறுங்கள். மூன்று நான்கு நிமிடம் உள்ளே யாரும் போகக் கூடாது. பேட்டரியில் ஓடும் மோஷன் சென்சார்களில் பல, ஒருமுறை உணர்ந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக ஓரிரு நிமிடம் உறங்கிப்போகும். சிலவற்றில் அறை அமைதியான பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கும். இது தெரியாமல் அறைக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே "சென்சார் செத்துப்போச்சு" என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். அவர்கள் நடப்பதாலேயே அது எழவில்லை. பேட்டரி மாற்றிய உடனேயும் ஒரு நிமிடம்போல் பொறுக்க வேண்டும், சென்சார் நிலைக்கு வர நேரம் எடுக்கும்.

காத்திருந்த பிறகு, வழக்கமான வேகத்தில் வாசல் வழியாக உள்ளே போங்கள். பேனல் பக்கம் இருப்பவர் 'பீப்' கேட்டதும் குரல் கொடுக்கட்டும். நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். வெளியே வாருங்கள், மறுபடி சில நிமிடம் காத்திருங்கள். அடுத்து ஜன்னல் பக்கத்திலிருந்து. அடுத்து சுவரை ஒட்டியபடி. அடுத்து சென்சாரை நோக்கி நேராக, மெதுவாக. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஒரு அறைக்கு அரைமணி ஆகலாம். ஆனால் முடிந்ததும் தரையில் இருக்கும் டேப் துண்டுகள் அந்தச் சென்சார் எங்கே பார்க்கிறது, எங்கே பார்க்கவில்லை என்று வரைபடமாகவே காட்டிவிடும். உள்ளே நுழையக்கூடிய எந்த வழியிலிருந்தும் மூன்று நான்கு அடி எடுத்து வைப்பதற்குள் பிடிபட வேண்டும் என்பது என் கணக்கு. பெட்டியில் 10 அல்லது 12 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது நல்ல சூழ்நிலையில், குறுக்கே நடக்கும்போது கிடைக்கும் தூரம். அதை நம்பி நீள அறையின் கடைசி முனையை விட்டுவிட வேண்டாம்.

சென்சாருக்கு நேர் கீழேயும் ஒருமுறை பாருங்கள். சுவரை ஒட்டித் தவழ்ந்து வரும் ஆள் பிடிபடாத ஒரு முக்கோணம் அங்கே இருக்கலாம். பெரும்பாலான மாடல்களைத் தரையிலிருந்து 2 மீட்டருக்குச் சற்று மேலே மாட்டச் சொல்வார்கள். கூரையை ஒட்டி மாட்டியிருந்தால் அந்த முக்கோணம் பெரிதாகும்.

விளக்கே எரியவில்லை என்று பதற வேண்டாம். பல வயர்லெஸ் மாடல்கள் சோதனை நிலை முடிந்ததும் விளக்கைத் தாமாகவே அணைத்துவிடும். பேட்டரி மிச்சம், திருடனுக்கும் எல்லை தெரியாது.

வெப்பம்தான் ஆதாரம் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். அறையின் வெப்பநிலை உடல் வெப்பத்தை நெருங்கும்போது ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைகிறது, சென்சார் மந்தமாகும். குளிர்ந்த காலையில் சோதித்துத் தேறிய சென்சாரை, அறை மிகவும் சூடாக இருக்கும் நேரத்திலும் ஒருமுறை சோதியுங்கள். இரண்டாவது, சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைக் கடக்க விடாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பகுதி மோஷன் சென்சாருக்கு இல்லவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டிப் பாருங்கள், பேனல் அசையாது.

வீண் அலாரத்தையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசியை ஓடவிட்டு, திரைச்சீலை ஆடும் நிலையில், அறையில் யாரும் இல்லாமல் ஒரு மணி நேரம் நடைச் சோதனை நிலையிலேயே விட்டுப் பேனலின் பதிவைப் பாருங்கள். நாயோ பூனையோ இருந்தால் அதையும் உள்ளே விட்டுப் பாருங்கள். செல்லப்பிராணியைக் கண்டுகொள்ளாது என்று விற்கும் சென்சார்கள் தரையில் நடக்கும் சின்ன விலங்குக்குத்தான் கணக்குப் போட்டிருக்கின்றன. சோபாவின் முதுகில் ஏறி நிற்கும் பூனை அவற்றுக்குப் பழக்கமில்லாத பிராணி.

வீட்டுக்கு வெளியே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கதிர் பாய்ச்சும் வகை இருந்தால் அது வேறு சாதி. அது உண்மையிலேயே அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி போன் கேமராவில் மங்கலான வெள்ளை அல்லது ஊதாப் புள்ளியாகத் தெரியும். சில போன்களின் பின்கேமரா அதை வடிகட்டிவிடும், முன்கேமராவில் பார்த்தால் தெரிய வாய்ப்பு அதிகம். டிவி ரிமோட்டை அழுத்தி உங்கள் கேமரா இந்த ஒளியைப் பார்க்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு கதிரை உடம்பால் மறைத்துக் குறுக்கே நின்றால் பேனல் பதிய வேண்டும்.

கண்ணாடி உடைவதைக் கேட்கும் சென்சார்

இதில் உங்களால் முடிந்தது பாதிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு மைக்ரோபோன் இருக்கிறது. கண்ணாடியில் அடி விழும் கனத்த சத்தம், அதைத் தொடர்ந்து சில்லுகள் சிதறும் கீச்சொலி, இரண்டும் வரிசையாக வந்தால்தான் அது நம்பும். சோதனை நிலையில் சில மாடல்கள் கைதட்டினால் விளக்கை மினுக்கும். மைக்ரோபோனுக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அது சான்று, அவ்வளவுதான். கண்ணாடி உடையும் ஒலியைப் போனில் ஓடவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. போன் ஸ்பீக்கரால் அந்தக் கனத்த சத்தத்தைக் கொடுக்க முடியாது, ஆகவே சென்சார் அசையாவிட்டால் அதில் எந்த முடிவுக்கும் வர முடியாது. முழுச் சோதனைக்கு அதற்கென்றே உள்ள ஒலிக்கருவியோடு ஆள் வர வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது: சென்சார் இருக்கும் இடத்திலிருந்து கண்ணாடி நேராகத் தெரிகிறதா, நடுவில் கனமான திரை தொங்குகிறதா, வேறு அறையில் இருக்கும் கண்ணாடியை நம்பி விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது.

அதிர்வு சென்சார் எளிது. சட்டத்தில் விரல் முட்டியால் தட்டத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வலுவைக் கூட்டுங்கள். வேண்டுமானால் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டலாம். கண்ணாடியில் வேண்டாம், சட்டத்தில் மட்டும். சென்சாருக்குப் பக்கத்தில் தட்டினால் எதுவும் பிடிக்கும். மிகத் தூரமான மூலையில் தட்டிப் பாருங்கள்.

புகை, வாயு, நீர்

புகை அலாரத்தின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பொதுவாக அந்தப் பொத்தான் மின்சுற்று, பேட்டரி, ஒலி மூன்றையும் சோதிக்கும். புகை உள்ளே நுழையும் துளைகள் தூசியால் அடைபட்டிருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே வாக்குவம் கிளீனரின் மென்மையான தூரிகையால் துளைகளைச் சுத்தம் செய்வதும் சோதனையின் ஒரு பகுதிதான். தீக்குச்சி, ஊதுபத்தி, மெழுகுவத்தி கொண்டு புகை காட்டுவது வேண்டாம். அந்தப் புகையின் பிசுக்கு உள்ளே படிந்தால் சென்சார் கெடும், தீ அபாயம் வேறு. பின்பக்கத்தில் தயாரித்த தேதி இருக்கும். 10 ஆண்டு தாண்டியிருந்தால் பொத்தானுக்கு அழகாகக் கத்தினாலும் மாற்றிவிடுங்கள். புகை அலாரங்கள் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் அளவுக்குக் கத்தும்படி செய்யப்படுகின்றன. ஆனால் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறி ஓடும்போது கேட்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டில் காது கொஞ்சம் மந்தமானவர் இருந்தால் அவரைப் படுக்க வைத்தே கேளுங்கள்.

கார்பன் மோனாக்சைடு சென்சாருக்குப் பொத்தான் மட்டும்தான். வண்டிப் புகையைக் காட்டிப் பார்க்கும் யோசனையைத் தொடவே வேண்டாம், அது உயிரைக் கொல்லும் வாயு. சமையல் வாயு சென்சாரிலும் அடுப்பைத் திறந்துவிட்டோ லைட்டர் வாயுவைப் பீய்ச்சியோ சோதிக்காதீர்கள். இவை பேனலோடு இணைந்திருந்தால், தானாகக் கத்துவதோடு பேனலிலும் 'தீ' அல்லது 'வாயு' என்று வருகிறதா என்று கவனியுங்கள். திருட்டு அலாரம் என்று வந்தால் அமைப்பில் தவறு இருக்கிறது.

நீர்க்கசிவு சென்சாரின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். ஈரவிரலையோ ஈரத்துணியையோ இரண்டையும் தொடும்படி வைத்தால் போதும். பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். அவசரப் பொத்தான்களில் சில இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். இதை வீட்டில் எல்லோரும் ஒருமுறை அழுத்திப் பழகுவது நல்லது.

செய்தி போகும் வழி

வயர்லெஸ் சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு பேனல் பக்கத்தில் நின்று சோதிப்பதில் பயனில்லை. அது மாட்டியிருக்கும் இடத்திலேயே, வீட்டுக் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டுச் சோதியுங்கள். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி, கம்பி போட்ட கான்கிரீட் சுவர் எல்லாம் அலையை மறைக்கும். ஆப்பில் சிக்னல் அளவு காட்டினால் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். பல அமைப்புகள் 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேனலோடு நேராகப் பேசுகின்றன, அவற்றுக்கு வைஃபை வலுவாக இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

சென்சாரின் மூடியைக் கழற்றினால் உடனே பேனலில் 'டேம்பர்' எச்சரிக்கை வர வேண்டும். யாராவது பிரித்துப் பார்க்க முயன்றால் காட்டிக்கொடுக்கும் சின்ன சுவிட்ச் அது. ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அது காணாமல்போனதைப் பேனல் எப்போது கண்டுபிடிக்கிறது என்றும் பாருங்கள். சில அமைப்புகளில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். உங்கள் பேனலுக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

பேட்டரி அளவைச் சதவீதத்தில் காட்டும் ஆப்பை முழுசாக நம்ப வேண்டாம். லித்தியம் பேட்டரிகள் கடைசிவரை ஏறத்தாழ ஒரே வோல்ட்டைக் காட்டிவிட்டு, முடியும்போது சட்டென்று இறங்கும். மாற்றிய தேதியை மார்க்கரால் பேட்டரியின் மேலேயே எழுதுவது எந்தச் சதவீதத்தையும்விட மேல்.

மின்சாரம் போனால் தாங்குவதற்காகப் பேனலுக்கும் ஒரு மாற்று பேட்டரி உண்டு, வயர் வழி அமைப்புகளில் பெரும்பாலும் 12 வோல்ட் லெட் ஆசிட் வகை. அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்குங்கள், அல்லது பேனலுக்கான சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் நேரடியாக இணைந்திருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு சைரனை அடிக்க வையுங்கள். சும்மா இருக்கும்போது பேனலைத் தாங்கும் வயதான பேட்டரி, சைரன் மின்சாரத்தை இழுக்கும் நொடியில் படுத்துவிடும். அந்த வகை பேட்டரியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்றுவது வழக்கம்.

உண்மையான ஒத்திகை

எல்லாம் தேறிய பிறகு, நடைச் சோதனை நிலையை விட்டு வெளியே வந்து, அலாரத்தை வழக்கம்போல் இயக்கிவிட்டு வீட்டை விட்டு வெளியேறுங்கள். வெளியேறும் அவகாசம் முடிந்து இன்னும் ஐந்து நிமிடம் கழித்து, ஒருவர் பின்கதவு வழியாகவோ உள்ளே வரக்கூடிய ஜன்னல் வழியாகவோ நுழையட்டும். முன்வாசலுக்கு ரகசிய எண் அழுத்த அவகாசம் உண்டு, ஜன்னலுக்கு அது இருக்கக் கூடாது. சைரன் உடனே கத்துகிறதா? இன்னொருவர் தெருவில் நின்று வெளிச் சைரன் கேட்கிறதா என்று பார்க்கட்டும். உட்புறச் சைரன்களில் பல 100 டெசிபெலைத் தாண்டும், ஆகவே அருகில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். குழந்தைகளை இந்த நேரத்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் போனில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அறிவிப்பு வருகிறதா என்று பார்ப்பது முக்கியம். வீட்டுக்குள் வைஃபையில் வந்த அறிவிப்பு, நீங்கள் வெளியூரில் இருக்கும்போதும் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்து ரௌட்டரை அணைத்துவிட்டு இதே ஒத்திகையை மறுபடி செய்யுங்கள். பேனலில் சிம் கார்டு இருந்தால் தகவல் அந்த வழியில் வர வேண்டும். வரவில்லையென்றால் சிம்மின் கணக்கு காலாவதியாகி மாதங்கள் ஆகியிருக்கலாம், இது அடிக்கடி நடப்பதுதான். கண்காணிப்பு மையத்துக்குப் போன் செய்து, எந்த நேரத்தில், எந்தச் சென்சாரின் பெயரில் தகவல் வந்தது என்று கேளுங்கள். உங்கள் நோட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அதே அழைப்பில் சோதனை முடிந்தது என்று சொல்லி, கணக்கை வழக்கமான நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கதவுகளையும் மோஷன் சென்சார்களையும் மாதம் ஒருமுறை, இந்த முழு ஒத்திகையை ஆண்டுக்கு இருமுறை செய்தால் போதும். ஆனால் வீட்டுக்கு வண்ணம் அடித்தாலோ, பீரோவை இடம் மாற்றினாலோ, புது ரௌட்டர் வந்தாலோ, கதவைப் பழுதுபார்த்தாலோ அந்த வாரமே பாருங்கள். மோஷன் சென்சாரின் வில்லையில் பெயிண்ட் தெறித்திருப்பதும், புது பீரோ அதன் பாதிப் பார்வையை மறைத்திருப்பதும் சாதாரணம்.

தேறாத சென்சாரை என்ன செய்வது?

முதலில் பேட்டரியை மாற்றுங்கள், புதிதாகவே இருந்தாலும். பேட்டரி தொடும் உலோகத் தகடுகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். அடுத்து அந்தச் சென்சாரைப் பேனலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சோதியுங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு தூரத்திலோ தடுப்பிலோ இருக்கிறது, சென்சாரில் இல்லை. அங்கேயும் இல்லையென்றால் கையேட்டில் சொன்னபடி பேனலிலிருந்து நீக்கி மறுபடி இணையுங்கள். வீட்டில் அதே மாடலில் நன்றாக ஓடும் இன்னொன்று இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு சென்சாரோடு கூடவே போனால் சென்சாரை மாற்ற வேண்டும். பழைய இடத்திலேயே தங்கினால் இடமோ காந்தமோ காரணம்.

இதற்கும் மசியவில்லையென்றால், அல்லது வயர் வழி அமைப்பாக இருந்தால், ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது "அலாரம் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாமல், "நான்காம் எண் ஜன்னல் சென்சார், வேறு காந்தம் காட்டினாலும் நிலை மாறவில்லை, பேட்டரி மாற்றியாயிற்று, டேம்பர் மட்டும் வருகிறது" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் சரியான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார், இரண்டாம் முறை வர வேண்டியிருக்காது.